திரையில் ரஜினி எத்தனை முறை இறந்தார்?

2016 ஜூலையில் நான் ஆறாம் ஆண்டு மாணவி. யூபிஎஸ்ஆர் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. அப்படியும் அப்பா பயிற்சிப் புத்தகங்களை மூடச் சொல்லிவிட்டுக் கிள்ளானில் ஒரு திரையரங்கிற்கு எங்களை அழைத்துப் போனார். 'கபாலி' வெளியான வாரம் அது. நம் ஊரைப் பற்றிய படம், நம் ஊரில் எடுத்த படம், அதுவும் ரஜினி படம். அன்று தேர்வைப் பற்றிக் கவலைப்பட வீட்டில் யாரும் தயாராக இல்லை.

கடைசிக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கலாம். பகைவர்களை எல்லாம் முடித்துவிட்டு மனைவி, மகளோடு நிம்மதியாக நிற்கிறார் கபாலி. டைகர் என்ற இளைஞன் அவரை நெருங்குகிறான். அவனை அனுப்பியவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும், கபாலிக்குத் தெரியாது. திரை இருண்டது. பிறகு, கபாலி போலீசில் சரணடைந்தார் என்ற பொருளில் எழுத்து வந்தது.

அரங்கில் சிலர் சிரித்தார்கள், சிலர் விசிலடித்தார்கள். "இது என்ன முடிவு?" என்று பின்வரிசையில் ஓர் அண்ணன் சத்தமாகவே கேட்டார். விளக்கு போட்ட பிறகும் அம்மா மட்டும் எழவில்லை. கால் மரத்துப்போய்விட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த எழுத்து மலேசியாவில் திரையிடப்பட்ட பதிப்பில் மட்டும்தான் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்தியாவில் படம் இருட்டிலும் ஒரு துப்பாக்கிச் சத்தத்திலும் முடிகிறது. சுட்டது யார், விழுந்தது யார் என்பதை இயக்குநர் பா. ரஞ்சித் சொல்லவில்லை. இங்கே மட்டும் ரஜினி சந்தேகத்திற்கு இடமில்லாமல் பிழைத்துக்கொண்டார்.

இந்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் திரைப்படம் பற்றிய ஒரு விருப்பப் பாடம் எடுத்தேன். ஒரு நடிகரைத் தேர்ந்தெடுத்து, அவர் திரையில் இறக்கும் காட்சிகளை வரிசையாகப் பார்த்து எழுத வேண்டும் என்று விரிவுரையாளர் பணித்தார். தோழிகள் ஆங்கில நடிகர் ஷான் பீன் பக்கம் ஓடினார்கள். படத்துக்குப் படம் செத்துப்போகிறவர் என்றே பெயர் வாங்கியவர் அவர், வேலை சுலபம். நான் ரஜினியின் பெயரைக் கொடுத்தேன். "அவர் சாகவே மாட்டாரே!" என்று வகுப்பில் இருந்த இன்னொரு தமிழ் மாணவன் சிரித்தான்.

அவன் சொன்னது பாதிதான் சரி. ரஜினி தமிழ்த் திரைக்கு வந்ததே சாவதற்காகத்தான். 1975-இல் கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் வீட்டு வாசல் கேட்டைத் தள்ளிக்கொண்டு நுழைகிறாரே, அந்தப் பாண்டியனுக்கு இரத்தப் புற்றுநோய். படம் முடிவதற்குள் இறந்துவிடுகிறான். அவனுடைய சாவு கதையில் மற்றவர்களின் சிக்கலை அவிழ்ப்பதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். 1977-இல் பாரதிராஜாவின் முதல் படமான '16 வயதினிலே'யில் அவர் பரட்டை. கமல் நடித்த சப்பாணி கல்லால் அடித்தே அவனைக் கொன்றுவிடுகிறான். அன்று அரங்கில் இருந்தவர்கள் பரட்டைக்காக அழுதிருக்க மாட்டார்கள். தொலைந்தான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அடுத்த ஆண்டு, 1978-இல், 'பைரவி' வந்தது. அதன் விநியோகஸ்தர் கலைப்புலி எஸ். தாணு சுவரொட்டியில் 'சூப்பர் ஸ்டார்' என்று அச்சடித்தார். அந்தப் பட்டம் வந்த பிறகு ரஜினியைத் திரையில் கொல்வது கடினமாகிக்கொண்டே போகிறது. என் குறிப்பேட்டில் 1975-க்கும் 1977-க்கும் நிறைய எழுத முடிந்தது. அதற்குப் பிறகு வந்த பக்கங்கள் வெறிச்சென்று கிடந்தன.

பிரிக்பீல்ட்ஸில் முன்பு வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஓர் அங்கிளை அப்பாவுக்குத் தெரியும். இப்போது துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் கைத்தொலைபேசி உறைகள் விற்கிறார். ஒரு சனிக்கிழமை கேஎல் சென்ட்ரலில் இறங்கி அவரைத் தேடிப் போனேன். ரஜினி இறக்கும் படங்களைக் கேட்டதும் கடையைப் பாதி அடைத்துவிட்டு உட்கார்ந்து பேசத் தொடங்கினார்.

"கேசட்டு எடுக்க வர்ற ஆளுங்க மொதல்ல கேக்கறதே அதான்மா. ஹீரோ கடைசியில செத்துடுவாரான்னு. சிவாஜி படம்னா செத்தாலும் எடுத்துட்டுப் போவாங்க. சிவாஜி செத்தாத்தான் எடுப்பாங்கன்னுகூடச் சொல்லலாம். ரஜினி செத்தா யாரும் தொட மாட்டாங்க லா. எம்ஜிஆருக்கும் அப்படித்தான்."

எந்தப் பாடநூலிலும் நான் படிக்காத விஷயம் இது. சரிபார்த்துக்கொண்டே போனபோது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. 1962-இல் வந்த 'பாசம்' படத்தில் எம்ஜிஆர் இறப்பதை அவருடைய ரசிகர்கள் விரும்பவில்லை. சிவாஜியோ இறப்பதையே தனிக் கலையாக வளர்த்துக்கொண்டார். 1954-இல் 'அந்த நாள்' படம் தொடங்கும்போதே சுடப்பட்டுச் செத்துவிடுகிறார். மீதிப் படம் முழுக்க அவரை யார் கொன்றது என்ற விசாரணைதான். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் தூக்கிலிடப்படுகிறார். 'பாசமலர்' படத்தில் பார்வை இழந்தவராகத் தங்கையிடம் வந்து, அவள் கையைப் பிடித்தபடியே போகிறார், தங்கையும் கூடவே போகிறாள். என் பாட்டி தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய காலத்தில் அதைப் பார்த்தவர். இன்றைக்கும் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி வந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். வேலை ஒன்றும் இருக்காது, சும்மா நின்றுகொண்டிருப்பார்.

சிவாஜியின் சாவுகளிலும் வயதுக்கு ஏற்ற மாற்றம் உண்டு. 1964-இல் 'கர்ணன்' படத்தில் உடலெல்லாம் அம்பு தைத்துக் கிடந்தபடி, தன் புண்ணியத்தையும் கேட்டவருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார். 1985-இல் 'முதல் மரியாதை'யில் அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கட்டிலில் படுத்தபடி ஒருத்திக்காகக் காத்திருக்கிறார், அவள் வந்ததும் உயிர் போகிறது. 1992-இல் 'தேவர் மகன்' படத்தில் பஞ்சாயத்தில் அவமானப்பட்டு வீடு திரும்பியவர் அன்றிரவே மாரடைப்பில் போகிறார். இவற்றில் எது சிறந்த நடிப்பு என்று கேட்டால் நான் 'முதல் மரியாதை'யைத்தான் சொல்வேன். பாட்டியிடம் சொன்னால் அடிக்க வருவார்.

சரி, ரஜினிக்கு வருவோம். கர்ணனின் கதையையே 1991-இல் மணிரத்னம் 'தளபதி' ஆக்கினார். பிறந்ததும் கைவிடப்பட்ட குழந்தை, கைகொடுத்த நண்பன், எதிர்ப்பக்கத்தில் உடன்பிறந்த தம்பி என்று எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒன்று மட்டும் மாறிவிட்டது. மகாபாரதத்தில் சாகும் கர்ணன் இங்கே சாகவில்லை. மம்முட்டி நடித்த தேவா, அதாவது துரியோதனன், இறக்கிறார். சூர்யா என்ற ரஜினி உயிரோடு இருக்கிறார். சூப்பர் ஸ்டாருக்காக வியாசரே விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

ரஜினி இறந்தே ஆக வேண்டிய கதைகளில் தமிழ்த் திரைப்படம் பல வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வேடம் ஒரு வழி. 1982-இல் 'மூன்று முகம்' படத்தில் போலீஸ் அதிகாரி அலெக்ஸ் பாண்டியன் கொல்லப்படுகிறார். பழி வாங்க மகன் இருக்கிறான், அவனும் ரஜினிதான். 2014-இல் 'கோச்சடையான்' படத்திலும் இதே கணக்கு. அப்பா கோச்சடையானின் தலை வெட்டப்படுகிறது, மகன் கதையை முடித்து வைக்கிறான். அதுவும் கணினியில் வரைந்த உருவம் என்பதால் ரஜினியின் உடம்பில் கத்தி படவே இல்லை. சமாதி இன்னொரு வழி. அவருடைய 100-ஆவது படமான 'ஸ்ரீ ராகவேந்திரர்' 1985-இல் வந்தது. கடைசியில் உயிரோடு பிருந்தாவனத்துக்குள் போகிறார். அதை மரணம் என்று என் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டபோது பாட்டி என்னை முறைத்தார். சேர்க்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2007-இல் வந்த 'சிவாஜி' படத்தின் வழி. சிறையில் இருக்கும் நாயகன் மின்கம்பியைத் தொட்டு உயிரை விடுகிறான். உடலை வெளியே கொண்டுபோன பிறகு மருத்துவர் அவன் இதயத்தை மறுபடி ஓட வைக்கிறார். மொட்டைத் தலையோடு, எம்.ஜி. ரவிச்சந்திரன், சுருக்கமாக எம்ஜிஆர், என்ற பெயரில் திரும்பி வருகிறான். சிவாஜி இறக்கிறார், எம்ஜிஆர் எழுந்து வருகிறார்! ஷங்கர் இதை எந்த அளவுக்கு யோசித்து வைத்தாரோ, கேசட் கடை அங்கிள் அரை மணி நேரம் விளக்கியது இந்த ஒரு காட்சியில் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, ரஜினியின் ஆகச்சிறந்த மரணக் காட்சி எது என்று எழுத வேண்டியிருந்தது. 'எந்திரன்' என்று எழுதினேன். 2010-இல் வந்த அந்தப் படத்தின் முடிவில் சிட்டி என்ற ரோபோவைப் பிரித்துப் போடும்படி நீதிமன்றம் உத்தரவிடுகிறது. சிட்டி தன்னைத்தானே பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பாகமாகக் கழன்றுகொண்டிருக்க, எல்லோரிடமும் பேசி விடைபெறுகிறது. இரத்தம் இல்லை, மூச்சு வாங்குவது இல்லை, நெஞ்சைப் பிடிப்பது இல்லை. சாவதற்குத் தேவையான எதுவுமே அந்த உடம்பில் கிடையாது. ஆனாலும் நான் அழுதேன். யோசித்துப் பார்த்தால் அது 'கர்ணன்' காட்சிதான். தன்னிடம் இருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவது. மனித வேடத்தில் ரஜினியை அப்படிச் சாக விட யாருக்கும் துணிவில்லை, இயந்திரம் என்பதால் விட்டார்கள் என்று எழுதியிருந்தேன். விரிவுரையாளர் அந்த வரிக்குப் பக்கத்தில் சரி போட்டிருந்தார்.

கபாலியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். படத்தைத் தயாரித்தவர் யார் தெரியுமா? 1978-இல் 'சூப்பர் ஸ்டார்' என்று அச்சடித்த அதே தாணு. 38 ஆண்டுகள் கழித்து, அந்தப் பட்டத்தைச் சுமந்தவரைச் சுடுவதற்குத் துப்பாக்கி எடுத்தார்கள், ஆனால் குண்டு எங்கே பட்டது என்பதைக் காட்டவில்லை. மலேசியாவில் அந்தச் சந்தேகத்துக்கும் இடம் தரவில்லை. குண்டர் கும்பல் தலைவன் ஒருவன் சட்டத்திடம் கணக்குக் கொடுக்காமல் போகக்கூடாது என்பது காரணம். 2013 ஆகஸ்டில்தான் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டிருந்தது. அவற்றில் பலவற்றுக்குப் பெயரே வெறும் எண்தான். படத்திலும் வில்லன் கும்பலின் பெயர் 43. இந்தியாவில் அது ஒரு கற்பனை எண். கிள்ளானில் படம் பார்ப்பவனுக்கு அப்படி இருக்காது.

இப்படி முடிவை மாற்றுவது இங்கே மட்டும் நடப்பதில்லை. 1975-இல் வந்த 'ஷோலே' படத்தில் கப்பர் சிங்கைத் தாக்கூர் மிதித்தே கொல்வதாகத்தான் எடுத்திருந்தார்கள். அவசரநிலைக் காலத்துத் தணிக்கை அதை ஏற்கவில்லை. கடைசி நொடியில் போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றினார்கள். 2022-இல் சீனாவில் 'ஃபைட் கிளப்' படத்தை இணையத்தில் வெளியிட்டபோது, கட்டடங்கள் வெடித்துச் சரியும் முடிவை நீக்கிவிட்டு, போலீஸ் சதியை முறியடித்தது என்று எழுத்துப் போட்டார்கள். ரசிகர்கள் கேலி செய்யவே, பெரும்பகுதியைத் திரும்பச் சேர்த்தார்கள். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு வரி எழுத்தால் ஒரு கதையின் முதுகெலும்பை முறித்துவிடலாம் என்று காரமாக எழுதினேன். வகுப்பில் படைத்தபோது கைதட்டல் கிடைத்தது. விரிவுரையாளர் மட்டும் ஒன்று கேட்டார்: "அந்த முடிவு யாருக்காவது பிடித்திருந்ததா என்று விசாரித்தாயா?"

விசாரிக்கவில்லை. அந்த வார இறுதியில் கொமுட்டர் இரயிலில் கிள்ளானுக்குப் போகும்போது அம்மா அன்று அரங்கில் எழாமல் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார் என்பது எனக்குத் தெரியும். சாமி மேடைக்குப் பக்கத்தில் அவருடைய படம் மாட்டியிருக்கும். விபத்தில் இறந்தார் என்றுதான் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அன்றிரவு நான் கேட்டபோது, அம்மா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே பேசினார். காப்பார் பக்கம் இருந்த தோட்டத்தை விற்றபோது தாத்தாவும் பாட்டியும் அடுக்குமாடி மலிவுவிலை வீட்டுக்கு வந்தார்கள். மாமாவுக்கு அப்போது படிவம் மூன்று. பள்ளியில் அடித்தார்கள், அடியிலிருந்து காப்பாற்றியவர்களோடு சேர்ந்துகொண்டார். அவர்களுக்கும் ஓர் எண் இருந்தது. 23 வயதில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் குத்திவிட்டார்கள்.

"அதுக்கு நாலு நாளுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தான். சோறு போட்டேன். அக்கா, என்னால முடியல, திங்கக்கிழமை போலீஸ்ல போய் நின்னுடப் போறேன்னு சொன்னான். நீயும் கூட வாங்கா, தனியாப் போகப் பயமா இருக்குன்னான். சரிடா வர்றேன்னேன். சனிக்கிழமை ராத்திரி ஃபோன் வந்துச்சு."

வெண்டைக்காயைச் சட்டியில் போட்டுவிட்டு அம்மா சொன்னார்: "அந்த எழுத்தைப் பார்த்தப்போ எனக்கு அவன் ஞாபகம்தான். இவராவது திங்கக்கிழமை வரைக்கும் இருந்தாரே."

என் கட்டுரையில் சரணடைதல் என்பதை மலாயில் 'மென்யெரா டிரி' என்று மொழிபெயர்த்திருந்தேன். தன்னையே கையில் கொடுத்துவிடுவது என்று பொருள். சரண் என்றால் நமக்குக் கோயிலும் நினைவுக்கு வரும், போலீஸ் நிலையமும் நினைவுக்கு வரும். வகுப்பில் எல்லோரும் சிரித்த அந்த எழுத்தை அம்மா எட்டு வருடங்களுக்கும் மேலாக மனத்தில் வைத்திருந்திருக்கிறார். இதற்காக நான் என் கருத்தை மாற்றிக்கொண்டேனா என்றால், முழுவதுமாக இல்லை. ரஞ்சித் எடுத்த முடிவுதான் படத்துக்கு நேர்மையானது என்று இன்னமும் நினைக்கிறேன். அந்த வாழ்க்கையில் இருந்து வெளியே வர நினைப்பவனுக்கு வழி கிடைப்பதில்லை என்பதைத்தான் அந்த இருட்டு சொல்கிறது. மாமாவுக்கு நடந்ததும் அதுதான். ஆனால் 'முதுகெலும்பை முறிக்கிறது' என்று எழுதியிருந்த வரியை, இறுதிப் படியைச் சமர்ப்பிக்கும் முன் எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அங்கே அம்மாவைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். கட்டுரை நீளம் கூடிவிட்டது என்று இரண்டு புள்ளி குறைத்தார்கள்.

2018-இல் அதே ரஞ்சித் 'காலா'வில் இன்னொரு முறை முயன்றார். அங்கே காலா எரியும் வீட்டோடு போய்விட்டார் என்று நாம் நினைக்கும்போது, வண்ணப்பொடி பறக்கும் கூட்டத்தில் முகம் முகமாகத் திரும்பி வருகிறார். இறந்துவிட்டார், ஆனால் இறக்கவில்லை. அதற்கு யாரும் எழுத்துப் போடத் தேவை இருக்கவில்லை.

போன மாதம் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, 'கபாலி'யின் இந்தியப் பதிப்பை மடிக்கணினியில் போட்டேன். அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சி வந்ததும் கையில் இருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். டைகர் நெருங்கினான். திரை இருண்டது, சத்தம் கேட்டது, பெயர்கள் ஓடத் தொடங்கின. அம்மா இன்னும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்து வரலையே," என்றார்.

"இதுல கிடையாதும்மா. அது நம்ம ஊருக்கு மட்டும் போட்டது."

"அப்படியா," என்றவர் சட்டையை எடுத்து மடித்தார். பிறகு, "அடுத்த தடவை நம்ம ஊர்ல போட்டதையே போடு," என்றார்.